கைதியின் கூற்றும் கமராவின் கண்ணும்: புத்தளக் கரையிலிருந்து ஒரு நோக்கு

புத்தளம் நகரிலிருந்து வடதிசை செல்லும் பாதை வண்ணாத்திவில்லு, எழுவன்குளம் ஆகிய ஊர்களைக் கடந்து கலா ஓயாவை அடைகின்றது. ஆற்றுக்கு அப்பால் வில்பத்துக் காடு. மேற்கே களப்பு, களப்புக்கு அப்பால் நீண்டு கிடக்கும் கற்பிட்டிக் குடாநாடு. 'வில்லு' என்பது இப்பகுதி மக்கள் வழக்கில், மழைநீர் தேங்கி நிற்கும் இயற்கையான தாழ்நிலத்தைக் குறிக்கும். வில்பத்து என்ற பெயரும் இச்சொல்லின் வழி வந்ததே. பொன்பரப்பியில் அகழ்ந்தெடுக்கப்பட்ட தாழிக்காடு, குதிரைமலை முனை, முத்துக்குளிப்பு நடைபெற்ற மன்னார்க் கடல் என்பனவெல்லாம் இக்கரையின் பழைமைக்குச் சான்றாக எடுத்துக் காட்டப்படுவன. ஆயின் இக்கட்டுரை நோக்குவது அப்பழைமையை அன்று. அன்றாட வாழ்வின் காட்சிகளோடு ஒரு தனிமனிதனின் சொந்தக் கூற்றை இணைத்துக் கலையாக்கும் முயற்சி இலங்கையில் எவ்வாறு தோன்றியது, அம்முயற்சியில் யாருடைய கூற்று இடம்பெற்றது, யாருடையது விடுபட்டது என்பனவே ஈண்டு ஆராயப்படுகின்றன. இவ்வாராய்ச்சிக்குப் புத்தளக் கரை தொடக்கமாக அமைவது தற்செயலன்று. அதற்கான காரணம் 17ஆம் நூற்றாண்டில் உள்ளது.

1658ஆம் ஆண்டு ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பனியின் 'பேர்சியா மேர்ச்சன்ற்' என்னும் கப்பல் மாலைதீவருகே உடைந்தது. படகுகளிலே தப்பியவர்களுட் சிலர் கற்பிட்டிப் பக்கத்தில் கரையேறினர். கண்டி அரசன் இரண்டாம் இராசசிங்கனின் ஆட்கள் அவர்களைப் பிடித்து மலைநாட்டுக்குக் கொண்டு சென்றனர். இரண்டு ஆண்டுகளுக்குப் பின்னர், 1660இல், கிழக்குக் கரையிலுள்ள கொட்டியாரத்தில் 'ஆன்' என்னும் மற்றோர் ஆங்கிலக் கப்பலின் மாலுமிகள் அவ்வாறே பிடிபட்டனர். புயலில் முறிந்த பாய்மரத்தைச் சீர்செய்வதற்காக அங்கே தங்கிய கப்பல் அது. அதன் தலைவர் றொபேட் நொக்ஸ் என்பவர். அவருடன் பிடிபட்டோருள் அதே பெயர் கொண்ட அவருடைய மகனும் ஒருவன். மகனுக்கு அப்பொழுது வயது பத்தொன்பது. 

மேற்குக் கரையிற் பிடிபட்டவர்களும் கிழக்குக் கரையிற் பிடிபட்டவர்களும் மலைநாட்டுச் சிறையிருப்பிலே தோழராயினர். சிறையிருப்பு என்பது இங்கே மதிலும் கதவும் கொண்ட சிறையன்று. கைதிகள் ஊர்களிற் பிரித்து வைக்கப்பட்டனர். ஊரார் அவர்களுக்கு உணவளிக்கவேண்டும் என்பது அரச ஆணை. ஊரில் நடமாடலாம், தொழில் செய்யலாம். நாட்டைவிட்டு மட்டும் போகலாகாது. தந்தையும் மகனும் வைக்கப்பட்ட ஊர் பண்டாரகொஸ்வத்தை. அஃது இன்றைய வடமேல் மாகாணத்தின் குருணாகல் மாவட்டத்துள் அடங்குவது. புத்தளம் மாவட்டத்துக்கு அயலானது. அங்கே குளிர்காய்ச்சல் இருவரையும் பற்றியது. 1661 பெப்ரவரியில் தந்தை இறந்தார். நோயாற் சோர்ந்திருந்த மகனே குழி தோண்டித் தந்தையைப் புதைக்க நேர்ந்தது. அவனிடம் எஞ்சியிருந்தவை இரண்டு சமய நூல்கள். பின்னொரு நாள் ஓடையில் மீன்பிடித்துக் கொண்டிருந்தபோது முதியவர் ஒருவரிடம் ஆங்கில விவிலியம் ஒன்று இருப்பதாக அறிந்தான். தான் பின்னிய தொப்பி ஒன்றை விலையாகக் கொடுத்து அதனைப் பெற்றான். தொப்பி பின்னுதல், நெல்லை வட்டிக்குக் கொடுத்தல், ஊர் ஊராகச் சென்று சிறு பொருள் விற்றல் என்பவற்றால் அவன் வாழ்க்கை நடந்தது. இவ்வாறு கழிந்தன பத்தொன்பது ஆண்டுகளுக்கு மேல்.

நொக்ஸ் தப்பிய வழி இலங்கைத் தமிழருக்கு ஒரு தனிப்பட்ட முக்கியத்துவம் உடையது. கற்பிட்டியில் 1667க்கும் 1676க்கும் இடையில் ஒல்லாந்தர் கோட்டை கட்டியிருந்தனர். புத்தளத்தைப் 'போற்றலூன்' என எழுதும் நொக்ஸ், கண்டி நாட்டுக்கு வேண்டிய உப்பும் மீனும் பெருமளவில் அங்கிருந்தே வந்தன என்றும், படகுகள் வராமற் தடுக்க முனையிலே ஒல்லாந்தர் கோட்டை வைத்திருந்தனர் என்றும் குறிப்பிடுகின்றார். எனினும் அவர் தப்புவதற்குத் தெரிந்தெடுத்தது மேற்குத் திசையன்று, வடதிசை. கத்தி, சீப்பு முதலிய விற்பனைப் பொருள்களுடன் பல முறை வடபகுதிக்குச் சென்று வழியறிந்து கொண்ட பின்னர், 1679 செப்ரெம்பர் மாதத்தில் ஸ்ரீபன் றட்லண்ட் என்னும் தோழருடன் இறுதியாகப் புறப்பட்டார். அநுராதபுரத்தை அடைந்தபோது அங்குள்ளோர் 'மலபார்' மக்களாக இருந்தனர். அக்கால ஐரோப்பியர் தமிழரை அப்பெயராலேயே வழங்கினர் என்பது யாவரும் அறிந்ததே. நொக்ஸ் நன்கு கற்றிருந்த சிங்களம் அங்கே பயன்படவில்லை. மொழிபெயர்ப்பாளர் மூலமே ஊர்த்தலைவரோடு பேசவேண்டியதாயிற்று. அங்கிருந்து ஆற்றங்கரை வழியே யானைக் காட்டினூடாக நடந்து, வன்னியர் ஆட்சிக்குட்பட்ட நிலத்தைக் கடந்து, அக்தோபர் 18ஆம் நாள் அரிப்புக் கோட்டையை இருவரும் அடைந்தனர். அரிப்பு, வில்பத்துக் காட்டுக்கு வடக்கே, அருவியாறு கடலோடு கலக்குமிடத்தை அடுத்தது. 

தாயகம் திரும்பும் கப்பலிலே, நினைவு ஒன்றையே துணையாகக் கொண்டு நொக்ஸ் தம் நூலை எழுதினார். 1681இல் இலண்டனில் அது வெளிவந்தது. அறிவியலறிஞர் றொபேட் ஹுக் அதற்கு முன்னுரை எழுதியதோடு நூல் ஒழுங்குபெறவும் உதவினார். நாட்டின் இயல்பு, அரசனின் இயல்பு, மக்களின் வழக்கங்கள், தம் சொந்த வரலாறு என நான்கு பகுதிகளாக அந்நூல் அமைந்தது. இவ்வமைப்பு ஊன்றி நோக்கற்பாலது. முதல் மூன்று பகுதிகளிலே நொக்ஸ் பெரும்பாலும் பின்னால் நின்று பேசுகின்றார். 'அவர்கள் இவ்வாறு செய்வர்' என்பதே அவற்றின் நடை. நான்காம் பகுதியிலேயே 'நான்' என்பது முழு உருவம் பெறுகின்றது. எனினும், உழவைப் பற்றி எழுதுபவர் நெல்லை வட்டிக்குக் கொடுத்து வாழ்ந்தவர் என்பதையும், காய்ச்சலைப் பற்றி எழுதுபவர் அதனாலே தந்தையை இழந்தவர் என்பதையும் நான்காம் பகுதியைப் படித்தவர் மறத்தல் இயலாது. செய்தியின் நம்பகத்தன்மை சொல்பவரின் துன்பத்திலிருந்து பிறக்கின்றது. இதுவே அந்நூலின் உயிர்.

நூலிலே செப்புத்தகட்டுப் படங்களும் இடம்பெற்றன. உழுதல், வயலைச் சமன்செய்தல், எருதுகளைக் கொண்டு சூடுமிதித்தல், மீன்பிடித்தல், வாய்படாமல் நீர் அருந்துதல், மழைக்குத் தாளிப்பனை ஓலையைத் தலைக்குமேற் பிடித்துச் செல்லுதல், பிணஞ்சுடுதல் என்பன அவற்றுட் சில. யானையின் காலால் மரணதண்டனை நிறைவேற்றும் படமும் உண்டு. பிற்கால நூல்களிலே அடிக்கடி எடுத்தாளப்படுவது அதுவே என்பதை வியக்க வேண்டியதில்லை. உருவங்களின் உடற்கட்டிலே ஐரோப்பிய ஓவிய மரபின் சாயல் மிகுந்துள்ளது. ஆயினும் அரசரையும் போரையுமே படமாக்கிய ஒரு காலத்தில், நீர் அருந்தும் முறையொன்றைப் படமாக்கத் தகுந்ததாகக் கருதியது சிறிய செய்தியன்று. அன்றாடக் காட்சியும் தன்கூற்றும் ஒரே நூலில் இணைந்தமைக்கு இலங்கை பற்றிய எழுத்துகளில் இதனை ஒரு முன்னோடி எனலாம். 

நொக்ஸ் பின்னர் கப்பற்றலைவராகி மடகாஸ்கரில் அடிமைகளை வாங்கும் பணியிலும் ஈடுபட்டார் என்பதை அவருடைய நூலைப் போற்றுவோர் பலர் சொல்லாது விடுகின்றனர். தாம் சிறையிருந்த அனுபவம் அவரை அவ்விடத்தில் தடுக்கவில்லை. முதுமையிலே தம் நூற்படியில் வெற்றுத்தாள்களை இடையிட்டுக் கட்டி, நினைவுக்கு வந்தவற்றையெல்லாம் அவற்றில் எழுதிச் சேர்த்தார். திருத்திய பதிப்பு அவர் வாழ்நாளில் வெளிவரவில்லை. 1720இல் அவர் காலமானார்.

இனி, இரண்டரை நூற்றாண்டுகளைக் கடந்து 1934ஆம் ஆண்டுக்கு வருதல் வேண்டும். உலகப் பொருளாதார மந்தத்தினால் தேயிலை விலை வீழ்ந்திருந்த காலம் அது. இலங்கைத் தேயிலைப் பிரசார சபை, தேயிலையை உலகில் விளம்பரப்படுத்தும் நோக்குடன் படங்கள் எடுக்க விரும்பியது. இங்கிலாந்தில் விவரணப்பட இயக்கத்தைத் தோற்றுவித்த ஜோன் கிரியர்சனின் குழு இப்பணியை ஏற்றது. பசில் றைட் என்னும் இளம் நெறியாளரும் அவருடைய உதவியாளர் ஜோன் ரெய்லரும் 1934இன் தொடக்கத்தில் இலங்கைக்கு வந்தனர். முதலில் எண்ணியது நான்கு சிறு பயணப் படங்களே. விளைந்ததோ ஏறத்தாழ நாற்பது நிமிட நேரம் ஓடும் ஒரே படம். 'சோங் ஒப் சிலோன்', அதாவது 'இலங்கையின் பாடல்' என்பது அதன் பெயர். 1935இல் பிரசல்ஸ் நகர்த் திரைப்பட விழாவில் அது முதற்பரிசு பெற்றது. நாவலாசிரியர் கிரகாம் கிரீன் அப்படத்தை மிகவும் புகழ்ந்து எழுதினார். விளம்பரத்துக்கென்று கொடுத்த பணத்தில் விளம்பரமே அற்ற ஒரு படம் உருவாகியது என்று பலரும் கூறுவர். அக்கூற்று முழுவதும் சரியன்று. அது பின்னர் நோக்கப்படும்.

இப்படத்தின் உரையே இங்கு முதன்மையானது. படப்பிடிப்பு நிகழ்ந்தபோது ஒலி பதிவு செய்யப்படவில்லை. காட்சிகள் ஊமையாகவே இலண்டனுக்குச் சென்றன. ஒலி முழுவதும் அங்கே பின்னர்ச் சேர்க்கப்பட்டது. சேர்க்கும்போது றைட் தாமாக உரை எழுதவில்லை. 1681ஆம் ஆண்டு நூலிலிருந்து நொக்ஸின் சொற்களை எடுத்துக் காட்சிகளுக்கு இசைவாகப் பொருத்தினார். அச்சொற்களை வாசிப்பதற்குத் தெரிந்தெடுக்கப்பட்டவர் ஆங்கிலேயர் அல்லர். கொழும்பிலே பிறந்து வளர்ந்த லயனல் வென்ட் என்னும் நிழற்படக் கலைஞரே அவர்.

வென்ட் 1900 டிசம்பர் 3ஆம் நாள் கொழும்பிற் பிறந்தார். பறங்கியர் சமூகத்தைச் சேர்ந்த அவருடைய தந்தை ஹென்றி லொறன்ஸ் வென்ட் உயர்நீதிமன்ற நீதியரசராக இருந்தவர். நிழற்பட ஆர்வலர் சங்கத்தைத் தோற்றுவித்தோருள் ஒருவர். தாயார் டி சேரம் குடும்பத்தவர். இலண்டனிலே சட்டமும் பியானோ இசையும் ஒருங்கே பயின்ற லயனல் வென்ட், 1924இல் நாடு திரும்பினார். சட்டத் தொழிலில் அவருடைய மனம் செல்லவில்லை. பியானோ கற்பித்தும் கச்சேரி செய்தும் வந்தவர், 1930களின் தொடக்கத்தில் கமராவை முழுமையாகக் கைக்கொண்டார். சிலி நாட்டுக் கவிஞர் பாப்லோ நெரூடா 1929 முதல் சில காலம் கொழும்பிலே தூதரகப் பணியாற்றியபோது வென்டுடன் பழகினார். கொழும்பின் பண்பாட்டு வாழ்வுக்கு நடுநாயகமாக விளங்கியவர் வென்ட் என்று தம் நினைவுக் குறிப்பில் அவர் எழுதியுள்ளார்.

மீனவர், நீராடும் பெண்கள், கோயில் வாசலில் நிற்போர், மரங்கள், பாழடைந்த சிற்பங்கள் முதலியன வென்டின் நிழற்படங்களுக்குப் பொருளாயின. றொலிபிளெக்ஸ், லைக்கா ஆகிய கமராக்களை அவர் பயன்படுத்தினார். அவருடைய கலை கமராவோடு முடிந்துவிடவில்லை; இருட்டறையிலும் தொடர்ந்தது. பதிவு கழுவப்படும்போது அதன்மீது ஒளியை மீண்டும் பாய்ச்சி, உருவின் விளிம்பிலே ஒரு கோடு தோன்றச் செய்யும் முறையை அவர் திறம்படக் கையாண்டார். இரண்டு, மூன்று படங்களை இணைத்து ஒன்றாக்கும் முறையையும் அறிந்திருந்தார். பாரிசில் மான் றே முதலியோர் செய்து வந்த சோதனைகள் கொழும்பில் ஒரு தனி வீட்டின் இருட்டறையிலே தொடரப்பட்டன என்பது நம் கலை வரலாற்றின் வியத்தகு செய்திகளுள் ஒன்று. 1938இல் அவருடைய படங்கள் இலண்டனிற் காட்சிக்கு வைக்கப்பட்டன. 1943 ஆகத்து மாதம் அவருடைய வீட்டிற் கூடிய ஓவியர்களே '43 குழு' எனப் பெயர்பெற்றனர். மறு ஆண்டு டிசம்பரில், நாற்பத்து நான்கு வயது நிறைந்த சில நாள்களில், வென்ட் இறந்தார். அவருடைய படங்களின் தொகுப்பு 1950இல் இலண்டனில் நூலாக வெளிவந்தது. கொழும்பில் அவர் பெயரால் அமைந்த அரங்கம் 1953இல் திறக்கப்பட்டது. ஈழத்துத் தமிழ் நாடகங்கள் பல அவ்வரங்கில் மேடையேறியிருப்பதால் அவருடைய பெயர் தமிழருக்குப் பழக்கமானதே. பெயருக்குரியவர் யார் என்பது அவ்வளவு பழக்கமன்று.

வென்ட் தம் நிழற்படங்களோடு சொந்த எழுத்தை இணைத்தவர் அல்லர். படம் தானே பேசவேண்டும் என்ற கொள்கையுடைய தலைமுறையைச் சேர்ந்தவர் அவர். ஆயின் அவருடைய வாழ்வில் ஒரு முறை, பிறர் எடுத்த அன்றாடக் காட்சிகளின்மீது, பிறர் எழுதிய தன்கூற்றை, அவருடைய குரல் ஏற்றியது. அக்குரல் செய்திப்பட அறிவிப்பாளரின் எடுப்பான குரலன்று. மெதுவாகவும் விருப்பு வெறுப்பின்றியும், ஏடொன்றைத் தமக்கே படித்துக்கொள்பவர்போல வென்ட் வாசிக்கின்றார். பழைய ஆங்கிலத்தின் நீண்ட வாக்கியங்கள் காட்சியின் ஓட்டத்தைத் தடுக்காது அதன்மீது மிதந்து செல்கின்றன. 1934இல் ஓடையிலே துணி வெளுப்பவனையும் வலை வீசுபவனையும் கண் காண்கின்றது. 1681இன் சொற்களைச் செவி கேட்கின்றது. இரண்டரை நூற்றாண்டுகளாக எதுவும் மாறவில்லை என்னும் உணர்வு பார்ப்பவர் உள்ளத்தில் தானே எழுகின்றது.

இவ்வுணர்வே படத்தின் வலிமை. அதன் ஐயத்துக்குரிய இடமும் இதுவே. படம் நான்கு பகுதிகளையுடையது. முதற்பகுதி சிவனொளிபாதமலைக்கு ஏறும் அடியார்களைக் காட்டுகின்றது. மலையுச்சியில் ஒலித்த மணியோசை பறவையொன்றின் பறத்தலோடு சேர்ந்து நாடெங்கும் பரவும் காட்சி திரைப்பட மாணவர் எல்லாரும் எடுத்துரைப்பது. இரண்டாம் பகுதி ஊர் வாழ்க்கை. நொக்ஸின் சொற்கள் மிகப் பொருந்தி நிற்பது இப்பகுதியிலேயே. மூன்றாம் பகுதியிற் கப்பல், தந்தி, சந்தை விலை, கணக்கு என்பன பற்றிப் பல குரல்கள் ஒன்றன்மேலொன்றாக ஒலிக்கின்றன. அக்குரல்களின் கீழே மனிதர் உழைத்துக் கொண்டிருக்கின்றனர். நான்காம் பகுதி வழிபாட்டுக்கும் கண்டி நடனத்துக்கும் திரும்புகின்றது. வாணிகம் ஒரு மேலோட்டமான அலை, ஆழத்திலே பழைய வாழ்வு அசையாது நிற்கின்றது என்பதே இவ்வமைப்பின் உட்கருத்து. 

தேயிலைக்கு நேரடி விளம்பரம் படத்தில் இல்லை என்பது உண்மையே. ஆனால் தேயிலைச் செடி எங்கே நடப்பட்டது, யாரால் நடப்பட்டது, அவர் எங்கிருந்து வந்தார் என்ற வினாக்களும் படத்தில் இல்லை. தமிழகத்தின் ஊர்களிலிருந்து மன்னார்க் கரை வழியாகக் காட்டுப்பாதையில் நடந்து மலைநாடு சேர்ந்தவர்களின் வழித்தோன்றல்களே கொழுந்து பறித்தனர். 19ஆம் நூற்றாண்டிலே அப்பாதையோரத்தில் காய்ச்சலாலும் பசியாலும் இறந்தோர் பலர். ஒரு வகையில் அவர்களுடைய பயணம் நொக்ஸின் பயணத்தின் மறுதலை. அவர் தப்பிச் சென்ற கரைப் பக்கமாகவே அவர்கள் உள்ளே வந்தனர். நொக்ஸுக்கு ஒரு நூல் இருந்தது. அவர்களுக்கு இருந்தவை வாய்மொழிப் பாடல்களே. 1934இன் ஒலித்தடத்தில் அவற்றுக்கு இடம் கிடைக்கவில்லை. காட்சியில் அவர்கள் உடல் உண்டு, கூற்று இல்லை. வாணிகத்தின் குரல்கள் ஏழைகளின் உழைப்பின்மீது ஏறி நிற்பதைக் காட்டிய றைட், அவ்வுழைப்பாளருக்கும் ஒரு குரல் உண்டு என எண்ணியதாகத் தெரியவில்லை. எனினும் அக்காலத்துப் பேரரசுப் படங்களோடு ஒப்பிடுமிடத்து அவர் செய்தது மிகுதி என்பதை நியாயமாக ஒப்புக்கொள்ளல் வேண்டும்.

இதனினும் நுட்பமான ஒரு மாற்றம் நொக்ஸுக்கே நேர்ந்துள்ளது. படத்தின் தொடக்க எழுத்துகள் அவரை 'பயணி' எனக் குறிக்கின்றன. பத்தொன்பது ஆண்டுகள் நாட்டைவிட்டுப் போக இயலாது இருந்த மனிதர் பயணியாகி விட்டார்! நூலின் நான்காம் பகுதி, அதாவது அவருடைய சொந்த வரலாறு, முற்றாக விடப்பட்டது. மூன்றாம் பகுதியின் 'அவர்கள்' மட்டும் எஞ்சியது. தந்தையின் குழி, தொப்பிக்கு வாங்கிய விவிலியம், மொழி தெரியாத அநுராதபுரம், அரிப்புக் கோட்டை எதுவும் படத்தில் இல்லை. கைதியின் கூற்று இவ்வாறு யாருடையதும் அல்லாத கூற்றாக, நாட்டின் குரலாகவே ஒலிக்கச் செய்யப்பட்டது. தன்கூற்றைக் காட்சியோடு இணைக்கும் கலைஞர் எவரும் எதிர்கொள்ளும் இடர் இதுவே. சொல்பவனை நீக்கிச் சொல்லை மட்டும் எடுத்தால் அழகு மிகும், சான்று குறையும்.

காலமும் இதற்குச் சான்று பகர்ந்தது. றைட் படம்பிடித்துச் சென்ற அதே 1934இன் பிற்பகுதியில் மழை பொய்த்து ஆறுகள் குட்டைகளாயின. அக்குட்டைகளிலே நுளம்பு பெருகியது. அக்தோபர் தொடக்கம் பரவிய மலேரியாக் காய்ச்சலால் 1935இன் நடுப்பகுதிக்குள் ஏறத்தாழ 80,000 பேர் இறந்தனர். கேகாலை, குருணாகல் மாவட்டங்களின் ஊர்களே மிகக் கொடிதாகத் தாக்கப்பட்டன. நொக்ஸின் தந்தை இறந்த பண்டாரகொஸ்வத்தையும் குருணாகல் மாவட்டத்தினதே. இரண்டரை நூற்றாண்டுகளாக மாறாதிருந்தது வலை வீசும் முறை மட்டுமன்று; காய்ச்சலும் மாறவில்லை. பிரசல்ஸ் நகரில் படத்துக்குப் பரிசளிக்கப்பட்ட ஆண்டில் இவ்வூர்களில் மக்கள் பிணங்களைப் புதைத்துக் கொண்டிருந்தனர். இதற்காக நெறியாளரைக் குறைகூறுதல் பொருந்தாது. அவர் வந்துசென்ற பின்னர் நேர்ந்தது அது. ஆனால் அவர் விட்ட நான்காம் பகுதியிலே அக்காய்ச்சல் எழுதப்பட்டிருந்தது.

புத்தளக் கரையைப் பற்றி அக்கரையிற் பிறந்தவரே எழுதியதில்லையா என்ற வினா இயல்பாக எழும். எழுதியதுண்டு. 1807இல் கற்பிட்டியிற் பிறந்த சைமன் காசிச்செட்டி, புத்தளத்தில் மணியகாரராகப் பணியாற்றியவர். 1834இல் அவர் ஆங்கிலத்தில் வெளியிட்ட இலங்கை விவரத் திரட்டு, இடப்பெயர் வரிசையிலே நாடு முழுவதையும் விவரிப்பது. இக்கரையின் முக்குவர், சோனகர் ஆகியோரின் வழக்கங்களைப் பற்றியும் அவர் எழுதினார். தமிழ்ப் புலவர் வரலாற்றை 1859இல் நூலாக்கியவரும் அவரே. அயலவனாகிய நொக்ஸ் தம் நூலில் ஒரு பகுதி முழுவதையும் 'நான்' என்று எழுதினார். மண்ணின் மைந்தராகிய காசிச்செட்டியோ தம் எழுத்திலே தம்மை மறைத்துக்கொண்டார். அரசாங்க உத்தியோகத்தரின் அடக்கமும் அக்காலத்து ஆராய்ச்சி மரபும் அதற்குக் காரணமாகலாம். எவ்வாறாயினும், களப்பிலே தோணி வலித்த ஒருவனின் ஒரு நாள் எவ்வாறு கழிந்தது என்பதை அவன் வாய்மொழியாகவே அறிய 19ஆம் நூற்றாண்டு நமக்கு வழி வைக்கவில்லை.

அன்றாட உருவும் தன்கூற்றும் உரியவரிடமிருந்தே வந்து இணைந்தமைக்கு 2011இல் வெளிவந்த ஒரு நூலைக் குறிப்பிடல் வேண்டும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் நுண்கலை கற்பிக்கும் ஓவியர் தா. சனாதனனின் 'முற்றுப்பெறாத தோம்பு' என்னும் பொருள்தரும் ஆங்கிலப் பெயர்கொண்ட அந்நூலில் நிழற்படம் இல்லை. போரினால் இடம்பெயர்ந்த தமிழ் பேசும் மக்கள் தாம் இழந்த வீட்டின் நிலப்படத்தை நினைவிலிருந்து தாமே வரைந்தனர். அதனருகே கட்டடக் கலைஞரின் முறையான வரைபடம்; அதனையடுத்து ஓவியரின் சித்திரம்; உடன், வீட்டுக்குரியவரின் கூற்று. ஒல்லாந்தர் காலக் காணிப் பதிவேடாகிய தோம்பின் வடிவமே நூலின் வடிவம். கற்பிட்டியிற் கோட்டை கட்டிய அதே ஆட்சி விட்டுச்சென்ற பதிவேட்டு முறையை, நிலத்தை இழந்தவர் தம் இழப்பைப் பதிவதற்குப் பயன்படுத்தினர் என்பதிலே ஒரு வரலாற்று நயம் உண்டு. கமரா இங்கே தேவைப்படவில்லை. படமெடுக்க வீடு இல்லை என்பதே காரணம்.

இவ்விடத்தில் வண்ணாத்திவில்லுக்குத் திரும்புதல் தகும். 1990 அக்தோபரில் விடுதலைப் புலிகளால் வடமாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள் ஏறத்தாழ 75,000 பேர். அவர்களுட் பெரும்பாலோர் தஞ்சம் புகுந்தது புத்தளம் மாவட்டத்தில். மன்னார்ப் பகுதியினர் பலர் கடல் வழியாகக் கற்பிட்டிக் கரையை அடைந்தனர். யாழ்ப்பாணத்தில் வாழ்ந்தோருக்குக் கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணிநேரம். நகையும் பணமும் வழியிலே பறிக்கப்பட்டன. கற்பிட்டி, புத்தளம், முந்தல், வண்ணாத்திவில்லு ஆகிய நான்கு பிரதேச செயலாளர் பிரிவுகளிலே ஓலைக் குடிசைகள் எழுந்தன. பல்லாண்டுகள் அக்குடிசைகளே வீடாயின. வீட்டுச் சுவரில் மாட்டியிருந்த திருமணப் படம், பிள்ளைகளின் பள்ளிக்கூடப் படம், காணி உறுதி என்பவற்றைக் கையோடு கொண்டுவர இயன்றவர் சிலரே.

மன்னாரின் தெற்கேயுள்ள முசலி, மறிச்சுக்கட்டி, சிலாவத்துறை என்னும் ஊர்களுக்கு அவர்களுட் பலர் 2009க்குப் பின்னர் மீளத் தொடங்கியபோது, இருபது ஆண்டுகளாக மனிதர் இல்லாத வளவுகளிலே காடு மண்டிக் கிடந்தது. கிணறு எங்கிருந்தது, வேலி எங்கே ஓடியது என்பதை முதியவர்களே நடந்து காட்டினர். எழுவன்குளத்தைக் கடந்து வில்பத்துக் காட்டினூடே வடக்கே செல்லும் பாதை அவ்வூர்களுக்கு ஊடாகவே செல்கின்றது. அதன் அப்புறத்திலே அரிப்புக் கோட்டையின் இடிந்த சுவர்கள் கடலை நோக்கி நிற்கின்றன.